காசின் மேல் எழுத்து: தெற்காசியப் பழங்காசுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்காசைக் கையில் எடுப்பவர்கள் முதலில் உருவத்தைத்தான் பார்ப்பார்கள். யானை, காளை, மீன், ஒரு ராஜாவின் தலை. அதைச் சுற்றி ஓடும் கீறல்கள் எழுத்து என்று தெரிந்த பிறகுதான் கேள்விகள் வரும். அது என்ன எழுத்து, என்ன மொழி, ஏன் பாதி காணோம், இன்றைய எழுத்துக்கும் அதற்கும் என்ன உறவு? திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இரண்டு சொற்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 'அச்சு' என்பது காசு அடிப்பதற்காக உருவத்தையும் எழுத்தையும் குழிவாகச் செதுக்கிய கட்டை. 'பொறிப்பு' என்பது காசின் மேல் உள்ள வாசகம்.

பழைய காசு என்றாலே அதில் எழுத்து இருக்குமா?

இருக்காது. இந்தத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய காசுகளான வெள்ளி முத்திரைக் காசுகளில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. வெள்ளித் தகட்டை வெட்டி, ஏறத்தாழ மூன்றரை கிராம் எடைக்குச் சரிசெய்து, சூரியன், மலைமுகடு, மரம், விலங்கு என்று சின்னச் சின்ன முத்திரைகளை ஒவ்வொன்றாக அதன் மேல் குத்தினார்கள். மௌரியர் காலத்துக் காசுகளில் வழக்கமாக ஐந்து முத்திரைகள் இருக்கும்.

அசோகர் பாறைகளிலும் தூண்களிலும் பக்கம் பக்கமாக எழுத வைத்தவர். அவர் காலத்திலும் காசில் எழுத்து ஏறவில்லை. அதாவது எழுதத் தெரிந்த ஒரு பெரிய அரசு, காசுக்கு எழுத்து தேவையில்லை என்றே இருந்திருக்கிறது. காசை வாங்குபவருக்கு எடையும் வெள்ளியின் தரமும் தெரிந்தால் போதும், முத்திரைகள் அதற்குச் சாட்சி.

அப்படியானால் எழுத்து எப்போது வந்தது?

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 2ஆம் நூற்றாண்டிலும் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. ஒன்று, மத்திய இந்தியாவிலும் வடக்கிலும் இருந்த நகரங்கள். எரண், உஜ்ஜயினி போன்ற ஊர்கள் தங்கள் பெயரையே, அசோகர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் காணும் பிராமி எழுத்தில் காசில் போட்டன. உஜ்ஜயினிக் காசில் 'உஜேனி' என்று வரும். இன்னொன்று, வடமேற்கில் ஆண்ட கிரேக்க மன்னர்கள். ராஜாவின் பெயரையும் பட்டத்தையும் காசில் எழுதுவது அவர்கள் ஊர் வழக்கம். அதை இங்கே கொண்டுவந்தார்கள்.

சில காசுகளில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கிறதே?

அச்சு வெட்டுபவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். காசில் எழுத்து நேராக விழ வேண்டுமென்றால் அச்சில் அதைத் திருப்பிச் செதுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் நேராகவே செதுக்கிவிட்டால் காசில் எழுத்து திரும்பி விழும்.

இதை வைத்து ஒரு பெரிய வாதமே நடந்தது. எரணில் கிடைத்த ஒரு செப்புக் காசைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் வெளியிட்டார். 'ரஞோ தமபாலஸ', அதாவது 'தர்மபாலன் என்ற அரசனுடையது' என்பது அதன் பொறிப்பு. அது வலமிருந்து இடமாக ஓடுகிறது. பிராமி ஒரு காலத்தில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டதற்கு இதுவே தடயம் என்று எழுத்தாய்வாளர் ஜார்ஜ் பியூலர் எடுத்துக்கொண்டார். பிராமி மேற்காசிய எழுத்துகளிலிருந்து பிறந்தது என்ற அவருடைய கொள்கைக்கு அது வசதியாக இருந்தது. அச்சு வெட்டியவர் திருப்பிச் செதுக்க மறந்ததுதான் காரணம் என்பது மறுதரப்பு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஒரு பட்டறைத் தவறு எந்த நூற்றாண்டிலும் நடக்கலாம், அதன் மேல் ஒரு எழுத்தின் பிறப்பையே ஏற்றிவைப்பது அதிகம்.

ஒரே காசில் இரண்டு எழுத்து ஏன்?

இந்தோ-கிரேக்கக் காசுகளைப் பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. முன்பக்கம் கிரேக்கம், பின்பக்கம் பிராகிருதம். காசு இந்துகுஷ் மலைக்கு இந்தப் பக்கம் புழங்க வேண்டியிருந்ததால் இந்தப் பக்கத்து மக்களின் மொழியும் அதில் ஏறியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மொழிபெயர்ப்பு. அந்தக் கிரேக்க மன்னர்களில் ஒருவரான மினாந்தர் காசின் கிரேக்கப் பக்கத்தில் 'பசிலேயோஸ் சோதேரோஸ் மெனாந்த்ரூ' என்று இருக்கும். மறுபக்கத்தில் 'மஹாரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ'. 'காப்பவன்' என்ற பொருளுள்ள கிரேக்கப் பட்டத்துக்கு 'த்ராதா' என்ற நம் பக்கத்துச் சொல்லைத் தேடி வைத்திருக்கிறார்கள். 'நீதியாளன்' என்ற பட்டம் வரும் இடத்தில் 'த்ரமிக', அதாவது தார்மிகன் என்று வரும். 'வெல்லப்படாதவன்' என்பதற்கு 'அபடிஹத'. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் எங்கோ உட்கார்ந்து, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று யோசித்திருக்கிறார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அவர் செய்த தேர்வுகள் லட்சக்கணக்கான கைகளில் புரண்டிருக்கின்றன.

பின்பக்க எழுத்து பெரும்பாலும் கரோஷ்டி. ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அகதோக்கிளிஸ், பாந்தலியோன் இருவரும் பிராமியையும் பயன்படுத்தினார்கள். ஆப்கானிஸ்தானில் ஆய் கானும் என்ற கிரேக்க நகரத்தின் இடிபாடுகளில் 1970இல் அகதோக்கிளிஸின் ஆறு வெள்ளிக் காசுகள் கிடைத்தன. சதுர வடிவம். ஒரு பக்கம் கலப்பையோடு பலராமன், மறுபக்கம் சக்கரத்தோடு வாசுதேவன். கிரேக்கத்திலும் பிராமியிலும் அரசன் பெயர். தெய்வம் மதுராவுடையது, அரசன் கிரேக்கன், எழுத்து இரண்டு. இதுபோல ஒரு காசைப் பார்த்த பிறகு 'கலப்பில்லாத பண்பாடு' என்று யாராவது பேசினால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

கரோஷ்டி என்பது என்ன? இப்போது அது எங்கே?

அரமேய எழுத்தின் வழியில் வந்தது, வலமிருந்து இடமாக எழுதப்படும். காந்தாரப் பகுதியின் அன்றாட எழுத்து. இமயமலை அடிவாரத்துக் குணிந்தர்களின் அமோகபூதி வெளியிட்ட வெள்ளிக் காசில் ஒரு பக்கம் பிராமியும் மறுபக்கம் கரோஷ்டியும் இருக்கின்றன. இரண்டு எழுத்து நிலங்களும் உரசிக்கொண்ட எல்லை அது. கிரேக்கர்களுக்குப் பின் வடமேற்கை ஆண்ட குஷாணர்களுக்குப் பிறகு கரோஷ்டி தன் சொந்த மண்ணில் மங்கிவிட்டது. மத்திய ஆசியாவின் பாலைவன ஊர்களில் கொஞ்ச காலம் இருந்து மறைந்தது. அதற்கு வாரிசு எழுத்து எதுவும் இல்லை. இன்று தெற்காசியாவில் உள்ள பெரும்பாலான எழுத்துகளும் பிராமியின் பிள்ளைகள்.

பிராமியைப் படிக்க உதவியதே காசுகள்தான் என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தின் தரம் சோதிக்கும் அதிகாரி. காசு அவருக்குத் தொழில். ஆப்கானிஸ்தானில் சார்லஸ் மேசன் என்பவர் ஆயிரக்கணக்கில் காசு சேகரித்தார். முன்பக்கத்தில் கிரேக்கத்தில் உள்ள அதே பெயர்தான் பின்பக்கத்தில் அந்தத் தெரியாத எழுத்திலும் இருக்கிறது என்று அவர் கவனித்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பிரின்செப் கரோஷ்டி எழுத்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்.

பிராமியிலும் இதே வழி உதவியது. 1836இல் கிறிஸ்டியன் லாசன் என்ற அறிஞர், அகதோக்கிளிஸின் இருமொழிக் காசை வைத்துச் சில பிராமி எழுத்துகளைச் சரியாகப் படித்தார். அடுத்த ஆண்டு பிரின்செப், சாஞ்சியில் இருந்த குட்டிக் குட்டிப் பொறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவதைப் பார்த்தார். அது 'தானம்' என்ற சொல்லாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். மீதிப் பூட்டு திறந்தது. 1840இல் அவர் இறந்தபோது வயது நாற்பதுதான்.

காசில் எப்போதும் அரசன் பெயர்தான் இருக்குமா?

இல்லை. யௌதேயர்கள் 'யௌதேய கணஸ்ய ஜய' என்று எழுதினார்கள். யௌதேய கணத்துக்கு வெற்றி என்று பொருள். மாளவர்கள் 'மாளவானாம் ஜய'. அரசனே இல்லாமல் கூட்டமே காசு வெளியிட்டது. தட்சசீலத்தில் 'நேகம' என்ற பொறிப்போடு காசுகள் உண்டு, அது வணிகர் அமைப்பைக் குறிக்கும் சொல்.

குஷாண அரசர் கனிஷ்கர் காசில் கிரேக்க எழுத்து இருக்கிறது, கிரேக்க அகராதியில் தேடினால் சொல் கிடைக்கவில்லை. ஏன்?

எழுத்து கிரேக்கம், மொழி பாக்திரியம், அதாவது ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் பேசப்பட்ட ஓர் ஈரானிய மொழி. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வரும். எழுத்தும் மொழியும் ஒன்றல்ல என்பதைக் காசு வைத்துச் சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கனிஷ்கரின் ஆரம்பக் காசுகளில் 'பசிலேயுஸ் பசிலேயோன்' என்று கிரேக்க மொழியே இருந்தது. கொஞ்ச நாளில் அது 'ஷாவோனானோஷாவோ கனேஷ்கி கோஷானோ' என்று மாறியது. 'அரசர்க்கரசன், குஷாணன் கனிஷ்கன்' என்று பொருள். கிரேக்கத்தில் 'ஷ' ஒலிக்கு எழுத்து இல்லாததால் மேலே கொம்பு நீண்ட ஒரு புதிய எழுத்தையே சேர்த்துக்கொண்டார்கள். 1993இல் ஆப்கானிஸ்தானின் ரபாதக்கில் கிடைத்த கல்வெட்டு, கிரேக்கத்தில் ஆணை வெளியிட்டுப் பிறகு அதை ஆரிய மொழிக்கு, அதாவது பாக்திரியத்துக்கு, மாற்றியதாகக் கனிஷ்கரைப் பற்றிச் சொல்கிறது. அந்த மாற்றத்தைக் காசிலேயே கண்ணால் பார்க்கலாம். புத்தர் உருவம் உள்ள அவருடைய காசுகளில் 'பொத்தோ' என்று அதே எழுத்தில் இருக்கும்.

காசில் ஆண்டு போடும் பழக்கம் எப்போது வந்தது?

குஜராத், மாளவம் பகுதிகளை ஆண்ட மேற்கு சத்ரபர்கள் இதைத் தொடர்ந்து செய்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்களுடைய சிறிய வெள்ளிக் காசுகளில் அரசன் தலைக்குப் பின்னால் ஆண்டு இருக்கும். சக ஆண்டு, அதோடு 78 கூட்டினால் கி.பி. ஆண்டு வரும்.

அந்த எண்கள் தமிழ் எண்கள் தெரிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. பூஜ்ஜியமும் இல்லை, இடமதிப்பும் இல்லை. நூறுக்கு ஒரு குறி, இருபதுக்கு ஒரு குறி, மூன்றுக்கு ஒரு குறி என்று அடுக்கினால் 123. நாம் ௱௨௰௩ என்று எழுதியதும் ஏறத்தாழ இதே முறைதான். ஒரே வித்தியாசம், இருபதை நாம் 'இரண்டு பத்து' என்று எழுதினோம், பிராமியில் அதற்கே தனிக் குறி உண்டு.

இந்தக் காசுகளில் இன்னொரு விஷயம். அரசன் பெயரோடு தகப்பன் பெயரும் இருக்கும். ஆண்டும் தகப்பன் பெயரும் சேர்ந்து கிடைப்பதால் ஒரு வம்சத்தின் வரிசையையே காசை அடுக்கிக் கட்டிவிட முடிகிறது. கல்வெட்டுகள் குறைவாக உள்ள வம்சத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

முன்பக்கத்தில் தலையைச் சுற்றிக் கிரேக்க எழுத்துபோல ஏதோ ஓடும். தொடக்க காலத்தில் ஆண்ட நகபானர் காலத்தில் அதை வாசிக்க முடியும். பிறகு வந்த அச்சு வெட்டுபவர்களுக்குக் கிரேக்கம் தெரியாது. பழைய காசைப் பார்த்து வரைந்து வரைந்து அது கோடும் வட்டமுமாகிப் போனது. குப்தர்கள் இந்தப் பகுதியைப் பிடித்து அதே மாதிரியில் வெள்ளிக் காசு வெளியிட்டபோது அந்தக் கோடும் வட்டமும்கூடக் கூடவே வந்தன. மக்கள் கண்ணுக்குப் பழகிய காசில் ஒன்றை எடுத்தால் நம்ப மாட்டார்கள் என்ற பயம் இருந்திருக்க வேண்டும்.

சாதவாகனர் காசில் தமிழ் இருக்கிறதா?

தக்காணத்தை ஆண்ட சாதவாகனர்களின், அரசன் தலை உருவம் உள்ள வெள்ளிக் காசுகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். முன்பக்கம் பிராகிருதம்: 'ரஞோ வாஸிடிபுதஸ ஸிரி புளுமாவிஸ'. பின்பக்கம், தென்னக பிராமியில் வேறொரு மொழி: 'அரஹணகு வாஹிட்டி மாகணகு திரு புளுமாவிகு' என்பது ஒரு முக்கியமான வாசிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஸிரி' இருக்கும் இடத்தில் 'திரு'. 'புத' இருக்கும் இடத்தில் 'மகன்'. உடைமையைக் காட்டும் 'ஸ' இருக்கும் இடத்தில் 'கு' உருபு.

இதைத் தமிழ் என்பவர்களும், ஆந்திரப் பகுதியில் பேசப்பட்ட வேறொரு திராவிட மொழி என்பவர்களும் இருக்கிறார்கள். கடைசி உருபை 'கு' என்று படிக்காமல் 'ஷ' என்று படிப்பவர்களும் உண்டு. 'திரு'வும் 'மகனும்' நமக்குச் சொந்தமாகத் தெரிவது இயல்பு. ஆனால் அந்தக் காலத்தில் தெற்கத்தி மொழிகள் இன்றைக்கு உள்ள அளவு விலகியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சங்க காலத் தமிழ் மன்னர்கள் பெயர் பொறித்த காசு வெளியிட்டார்களா?

வெளியிட்டார்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குத் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் உழைப்பு முக்கியக் காரணம். 1980களில் அவர் வெளியிட்ட பெருவழுதிக் காசு பெரிய திருப்பம். சிறிய சதுரச் செப்புக் காசு. ஒரு பக்கம் குதிரை, அதோடு தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமியில், 'பெருவழுதி'. மறுபக்கம் கோடுகளாலான மீன். வழுதி என்பது பாண்டியர் பட்டப்பெயர்.

அந்தப் பெயரில் 'ழு' இருக்கிறது, கவனியுங்கள். வடக்கே பிராமியில் ழகரம் கிடையாது. ழ, ள, ற, ன ஆகியவற்றுக்காகத் தெற்கே எழுத்து அமைத்துக்கொண்டார்கள். எனவே 'பெருவழுதி' தமிழுக்காகத் திருத்திய எழுத்தில், தமிழ்ப் பெயராக, விரல் நுனி அளவு செம்பில் இருக்கிறது. முதல் முறை அதன் படத்தைப் பார்த்தபோது அந்த ழகரத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேரர் காசுகளில் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்ற பெயர்களோடு தலை உருவம் உள்ள வெள்ளிக் காசுகள் கரூர்ப் பகுதியில் கிடைத்தவை. ரோமானியக் காசுகளின் செல்வாக்கு அந்தத் தலை உருவத்தில் நன்றாகத் தெரிகிறது. ரோமானியக் காசு கரூர் வழியாக ஏராளமாக வந்துபோன காலம் அது. 'கொல்லிப்புறை', 'கொல்இரும்பொறை' என்ற பெயருள்ள செப்புக் காசுகளும் உண்டு. கொல்லிமலையும் இரும்பொறை மரபும் அந்தப் பெயர்களில் இருக்கின்றன.

மாக்கோதை என்றதும் புறநானூற்றின் 245ஆம் பாட்டு நினைவுக்கு வரும். மனைவி இறந்த துயரத்தில், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது. காசில் உள்ளவன் அவனேதானா என்று கேட்பார்கள். பெயர் ஒன்று, ஆனால் கோதை என்பது சேரர் பலருக்கும் பொதுவான பெயர். பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாது.

இலங்கையில்?

தென்கோடியில் திஸ்ஸமகாராம அருகே அக்குருகொடவில் பிராமிப் பொறிப்புள்ள ஈயக் காசுகள் கிடைத்தன. அவற்றில் 'உதிரன்', 'மகாசாத்தன்' போன்ற தமிழ்ப் பெயர்கள் படிக்கப்பட்டிருக்கின்றன. இறுதியில் வரும் னகரம் தமிழுக்கே உரியது. அரசர்களைவிட வணிகர்கள் வெளியிட்ட காசாகவே இவை தோன்றுகின்றன.

தமிழி எழுத்து இன்றைய தமிழ் எழுத்தாக எப்படி மாறியது? காசில் அது தெரியுமா?

ஓரளவு தெரியும். 'ப' எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏறத்தாழ அதே கொக்கிதான், இடுப்பு மட்டும் சதுரமாகிவிட்டது. 'க' முதலில் ஒரு கூட்டல் குறி. குறுக்குக்கோடு இரண்டு பக்கமும் வளைந்து இறங்க, செங்குத்துக்கோட்டின் அடியும் வளைய, மெதுவாக இன்றைய 'க' ஆனது. 'ட' வலப்பக்கம் திறந்த அரைவட்டமாக இருந்து, மேல் பாதியை இழந்து மூலைக்கோடாக நின்றுவிட்டது.

ஓலையில் எழுத்தாணி ஓடும்போது எழுத்து வேகமாக வளையும். காசில் அப்படி இல்லை. உளி வெட்டும் எழுத்து நேர்கோட்டை விரும்பும். அதோடு பழைய காசைப் பார்த்தே புதிய அச்சு வெட்டுவதால் காசெழுத்து அந்தக் காலத்துக் கையெழுத்தைவிடப் பழையதாகவே தெரியும். ஆகவே எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்து ஒரு காசுக்குக் காலம் குறிப்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. உலோகம், எடை, கிடைத்த மண்ணடுக்கு எல்லாம் சேர்ந்து பேச வேண்டும்.

குப்தர் தங்கக் காசைச் சுற்றி எழுதியிருப்பது என்ன?

செய்யுள்! சமுத்திரகுப்தனின் ஒரு காசில் 'ஸமரசத விததவிஜயோ ஜிதரிபுரஜிதோ திவம் ஜயதி' என்று விளிம்பைச் சுற்றி ஓடும். நூறு போர்களில் வெற்றி பரப்பியவன், பகைவரை வென்றவன், தோல்வியறியாதவன், விண்ணையும் வெல்கிறான் என்று பொருள். சமஸ்கிருத யாப்பில் அளந்து எழுதியது. கைக்குக் கீழே 'ஸமுத்ர' என்ற பெயர் மேலிருந்து கீழாக எழுத்துக்கு எழுத்து அடுக்கியிருக்கும்.

காசைவிட அச்சு பெரிதாக இருப்பதால் ஒரே காசில் முழுச் செய்யுளும் விழுவது அரிது. ஒன்றில் முதல் பாதி, இன்னொன்றில் நடுப்பகுதி என்று பல காசுகளைச் சேர்த்துத்தான் வரிகளை மீட்டார்கள். ராஜஸ்தானின் பயானாவில் 1946இல் கிடைத்த பெரும் புதையல் இந்த வகையில் நிறைய உதவியது.

தஞ்சையில் தமிழில் கல்வெட்டு வெட்டிய ராஜராஜன், காசில் ஏன் நாகரியில் எழுதினான்?

கோபத்தோடும் வருத்தத்தோடும் கேட்கப்படும் கேள்வி இது. ராஜராஜன் செப்புக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்கருகே 'ஸ்ரீ ராஜ ராஜ' என்று நாகரி எழுத்து, இன்று இந்தி எழுதும் எழுத்தின் பழைய வடிவம். ராஜேந்திரனின் புலி, மீன், வில் காசுகளிலும் நாகரியே. அவர்களுக்கு முன் உத்தம சோழன் காசில் கிரந்தத்தைப் பார்க்கிறோம்.

என் கருத்து இது. கல்வெட்டு ஊருக்கானது. நிலம், வரி, விளக்குக்கு எத்தனை ஆடு என்று ஊரார் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, அது தமிழில் இருந்தாக வேண்டும். காசுப் பொறிப்பு மற்ற அரசர்களை நோக்கியது. அந்தக் காலத்தில் தக்காணத்திலும் வடக்கிலும் 'பேரரசன்' என்று சொல்லிக்கொள்ளும் மொழி சமஸ்கிருதம், அதற்குப் பரவலாக அறியப்பட்ட எழுத்து நாகரி. அதே மன்னனின் செப்பேடுகளில்கூட மெய்க்கீர்த்தியும் நில எல்லைகளும் தமிழில், வம்சப் பெருமை சமஸ்கிருதத்தில் என்று பிரிந்திருக்கும். தமிழை ஒதுக்கியதாக நான் பார்க்கவில்லை. எந்த இடத்தில் எந்த மொழி என்ற கணக்கு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது.

இதன் விளைவு கடல் தாண்டியும் போனது. சோழரை விரட்டிய பிறகும் பொலன்னறுவை மன்னர்கள் அதே நிற்கும் உருவம், உட்கார்ந்த உருவம், நாகரிப் பெயர் என்ற மாதிரியையே வைத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகு காசும் அரசி லீலாவதி காசும் அப்படியே. பிறகு யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகள் அந்த மாதிரியில் காளையைச் சேர்த்து, கீழே 'சேது' என்று தமிழ் எழுத்தில் போட்டார்கள்.

அப்படியானால் இடைக்காலத்தில் தமிழ் எழுத்துக் காசுகளே இல்லையா?

பாண்டியர் காசுகளைப் பாருங்கள். மீனோடு 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்', 'கோதண்டராமன்', 'புவனேகவீரன்' என்று தமிழில் பட்டங்கள். முதலாம் மாறவர்ம சுந்தர பாண்டியன் சோழநாட்டை வென்றதைக் காசிலேயே அறிவித்துவிட்டான். சேதுபதிகள் காலம் வரை இந்த வழக்கம் தொடர்ந்தது.

முஸ்லிம் அரசர்கள் வந்ததும் நாட்டு எழுத்துகள் காசிலிருந்து மறைந்துவிட்டனவா?

ஒரேயடியாக மறையவில்லை. கஜினி மஹ்மூத், ஹிஜிரி 418இல், அதாவது கி.பி. 1027 வாக்கில், லாகூரில் வெளியிட்ட வெள்ளிக் காசின் ஒரு பக்கம் அரபு. மறுபக்கம் சமஸ்கிருதம், காஷ்மீரப் பக்கத்துச் சாரதா வகை எழுத்தில்: 'அவ்யக்தமேகம் முஹம்மத அவதார ந்ருபதி மஹமூத'. இஸ்லாத்தின் அடிப்படைக் கூற்றை சமஸ்கிருதத்தில் பெயர்க்கும் முயற்சி. 'அவ்யக்தம்' என்பது உபநிடத வாசனையுள்ள சொல், 'அவதாரம்' வைணவச் சொல். மினாந்தர் காசின் மொழிபெயர்ப்பாளர் செய்த அதே வேலை, ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து.

கோரி முஹம்மதின் தங்கக் காசில் லட்சுமி உருவமும் நாகரியில் அவர் பெயரும் இருக்கும். 1540இல் ஆட்சிக்கு வந்த ஷேர்ஷாவின் ரூபாயிலும் நாகரியில் பெயர் உண்டு. முகலாயர் காலத்தில் பாரசீக எழுத்தே மேலோங்கியது. ஆனாலும் அக்பர் ஆட்சியின் கடைசியில் ராமனும் சீதையும் நடந்து போகும் உருவத்தோடு 'ராம ஸிய' என்ற நாகரிப் பொறிப்புள்ள காசு வெளியானது.

ஆங்கிலேயர் காலத்தில்?

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1808 வாக்கில் வெளியிட்ட அரை, கால் பகோடா (வராகன்) வெள்ளிக் காசுகளில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்று நான்கு. 1835இல் நாடு முழுக்க ஒரே மாதிரி ரூபாய் வந்தபோது ஆங்கிலமும் பாரசீகமும் மட்டுமே நின்றன. ஏழாம் எட்வர்டு காலத்து ஓரணாவில் நாகரி, வங்காளி, தெலுங்கு, பாரசீகம் வந்தன, தமிழ் வரவில்லை. இலங்கையிலோ 1870இன் விக்டோரியா செப்புக் காசுகளிலிருந்து சிங்களமும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன, இன்றும் அப்படித்தான். இந்திய நாணயத்தில் இப்போது இந்தியும் ஆங்கிலமும். 2010இல் வந்த ரூபாய்க் குறியும் நாகரி 'ர'வையும் ரோமன் எழுத்தையும் இணைத்ததுதான்.

கையில் ஒரு பழங்காசு கிடைத்தால் எப்படிப் படிப்பது?

முதலில், தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, அமிலம் எதுவும் வேண்டாம். செம்பின் மேல் உள்ள பச்சைப் படிவோடு எழுத்தும் போய்விடும். மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தட்டிவிட்டால் போதும்.

அப்புறம் வெளிச்சம். நேராக மேலே இருந்து விளக்கு அடித்தால் எழுத்து தெரியாது. பக்கவாட்டில், மேசையோடு ஒட்டிய உயரத்தில் விளக்கை வைத்து, காசை மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு கோணத்தில் ஒவ்வொரு கோடு எழும். உருவத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, எழுத்தின் கால் உள்பக்கம் நோக்கியிருக்கிறதா வெளிப்பக்கம் நோக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கே தொடங்குகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். தெரிவதை மட்டும் தாளில் வரையுங்கள், இருக்க வேண்டும் என்று நினைப்பதை வரையாதீர்கள். எல்லா எழுத்தையும் வரைந்த பிறகுதான் பெயரை யோசிக்க வேண்டும். பெயரை முதலில் முடிவு செய்துவிட்டால் கண் அதையே தேடும்.

படத்தை மட்டும் வைத்துப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கைபேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில சமயம் இடவலம் மாறியிருக்கும். 'எழுத்து திரும்பியிருக்கும் அபூர்வக் காசு' என்று எனக்கு வந்த ஒரு படம் அப்படிப்பட்டதுதான். சேர்த்து ஒரு தேதியிட்ட தாளையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

காசு மண்ணிலிருந்து கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இந்தியாவில் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த ஊர், எந்த நிலம், எவ்வளவு ஆழம், கூட என்ன கிடைத்தது என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். பானையில் இருந்தால் பானையோடு அப்படியே விடுங்கள்.